கல்லூரிச் சருகும் கழனிக்கு எருவாகும்

சில ஆண்டுகளுக்கு முன், ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தின்கீழ் இறுதியாண்டு மாணவர் சிலரை ஒரு கிராமத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மக்கு உரம் தயாரிக்கும் முறையை ஒரு மாணவர் படம் காட்டி நன்றாகவே விளக்கினார். திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, உங்க காலேஜில விழற சருகையெல்லாம் என்ன பண்றீங்க?" என்று கேட்டார். மாணவர் பொய் சொல்லவில்லை. "கூட்டிக் கொளுத்திடுவாங்க ஐயா" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊருக்குச் சொல்லும் முறையை நம் வளாகத்திலேயே நாம் கடைப்பிடிக்கவில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

கொளுத்தினால் என்ன நஷ்டம்?

சருகை எரிக்கும்போது அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும் கரிமப் பொருளும் அழிகிறது. மிஞ்சுவது சிறிது மணிச்சத்தும் சாம்பல்சத்தும் உள்ள சாம்பல்தான். அதையும் காற்று அடித்துக்கொண்டு போகும். இத்துடன் புகை கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கேடு.

மக்கு உரம் கல்லூரிக்காரர்கள் கண்டுபிடித்து உழவருக்குக் கொடுத்ததும் அல்ல. இந்தூரிலிருந்த பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் 1924 முதல் 1931 வரை பணிபுரிந்த ஆல்பர்ட் ஹோவர்ட், நம் நாட்டு உழவர்களும் சீன உழவர்களும் கையாண்ட வழக்கங்களைக் கவனித்தே 'இந்தூர் முறை'யை வகுத்தார். உழவர்களிடமிருந்து கற்றதை நாம் படத்தில் மட்டும் வைத்திருந்தோம்.

முதல் குழி நாறியது

ஊர் திரும்பியதும், நான் அப்போது பணியாற்றிய கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் குழி வெட்டினார்கள். விடுதிச் சமையற்கூடத்துக் கழிவை நாள்தோறும் அதில் கொட்டினார்கள். ஒரு வாரத்தில் துர்நாற்றம் தாங்கவில்லை. ஈ மொய்த்தது. குழியை மூடிவிடும்படி விடுதிக் காப்பாளர் சொல்லிவிட்டார்.

தவறு எங்களுடையதே. மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு ஏறத்தாழ 30 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து என்ற விகிதம் ஏற்றது. காய்ந்த சருகில் கரிமம் மிகுதி. சோறு, காய்கறிக் கழிவில் தழைச்சத்தும் நீரும் மிகுதி. ஈரக் கழிவை மட்டும் குழியில் அடைத்தால் காற்று புகாது. பொருள் மட்காமல் அழுகும். ஒரு பக்கம் சருகைக் கொளுத்திக்கொண்டு, மறுபக்கம் சருகு இல்லாமல் குழியை நாறவிட்டிருந்தோம்!

மாணவர்கள் மனம் தளரவில்லை. குழியை விட்டு மேட்டில் குவியல் போட்டார்கள். மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை ஈரக் கழிவு என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள். நாற்றம் நின்றது. ஆனால் கழிவைப் பிரிப்பதுதான் பெரும்பாடாயிற்று. பிளாஸ்டிக் உறையும் சவர பிளேடும் கழிவோடு வந்தன. அவற்றைக் கையால் பொறுக்கி எடுத்த மாணவர்களே, பிறகு விடுதியில் தனித்தனித் தொட்டி வைத்து, மாற்றிப் போடுபவர்களைத் தடுத்து நிறுத்தினார்கள். பத்து சொற்பொழிவுகளால் நடக்காதது இது.

நீங்களும் செய்யலாம்

1. தண்ணீர் தேங்காத, நிழலான மேட்டிடத்தில் 4 அடி அகலத்தில், வசதியான நீளத்தில் குவியல் போடவும். உயரம் 3 முதல் 4 அடி இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் சூடு ஏறாது.

2. அரை அடி சருகு, அதன்மேல் இரண்டு அங்குலம் பச்சைத் தழை அல்லது காய்கறிக் கழிவு என்று மாற்றி மாற்றிப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கின்மேலும் சாணக் கரைசலைத் தெளிக்கவும். வேம்பு, புங்கம், வாகை இலைகள் ஏற்றவை. தைல மர இலை மட்க நாளாகும். இறைச்சி, எலும்பு, உப்பு மிகுந்த குழம்புக் கழிவு வேண்டாம்.

3. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், நீர் ஒழுகக்கூடாது. மழைக்காலத்தில் தென்னங்கீற்றால் மூடவும்.

4. 15 நாளுக்கு ஒருமுறை கிளறி, வெளிப்புறத்தில் இருப்பதை உள்ளே தள்ளவும். உட்புறம் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால் களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் அழியும்.

மூன்று நான்கு மாதங்களில் உரம் தயாராகும். கருமையாக, மண் வாசனையுடன், கிளறினாலும் மீண்டும் சூடேறாமல் இருந்தால் மட்கியது என்று கொள்ளலாம். அரைகுறையாக மட்கியதை வயலில் இட்டால், நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும்.

எவ்வளவு பலன்?

பல பயிர்களுக்கு ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இடப் பரிந்துரைக்கிறோம். ஒரு டன் தொழு உரத்தில் சுமார் 5 கிலோ தழைச்சத்துதான் உண்டு. எனவே யூரியாவை அடியோடு நிறுத்திவிடலாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மண் ஈரம் காக்கும்; இட்ட உரம் வீணாகாது. கிடைக்கும் மக்கு உரம் குறைவாயிருந்தால் நாற்றங்கால், காய்கறிப் பாத்தி, தென்னை வட்டப்பாத்தி ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். காய்க்கும் தென்னை மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தேவை.

உங்கள் ஊருக்கு அருகில் கல்லூரி இருந்தால், அங்கே சருகு கொளுத்தப்படுகிறதா என்று விசாரியுங்கள். கேட்டால் வண்டி வைத்து அள்ளிவரவும் அனுமதி கிடைக்கலாம். மக்கிய உரமாகத் தந்தால் கண்ணாடி, பிளாஸ்டிக் கலந்திருக்கிறதா என்று சலித்துப் பார்த்து வாங்குங்கள். மாணவர்கள் உங்கள் ஊரில் தங்கிப் பயில வரும்போது, அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியைத் தயங்காமல் நீங்களும் கேளுங்கள். உங்கள் களத்து மேட்டில் ஒரு குவியலைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கையில் சாணம் பட்ட மாணவர் சொல்வதை நம்பிக் கேட்கலாம்.