டீஸல் பிக்கப் வண்டியின் சீரற்ற ஓட்டம்: காரணம் அறியும் முறை

கறிகாய், பழம், பால், உரம் முதலியவற்றை ஏற்றிச் செல்வதற்குக் கிராமங்களில் டீஸல் பிக்கப் வண்டிகள் பெரிதும் உபயோகிக்கப்படுகின்றன. விளைபொருள் உரிய வேளையில் சந்தையை அடைவது வண்டியின் நன்னிலையைப் பொறுத்தது. வண்டி நின்றிருக்கையில், ஆக்ஸிலரேட்டரை மிதியாத நிலையில், இஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 700 முதல் 900 சுற்று வரை ஒரே சீராகச் சுழலுதல் வேண்டும். அவ்வாறின்றிச் சில வேளைகளில் அது உதறும். அல்லது அதன் வேகம் தானாகவே ஏறி இறங்கும். இக்குறியைக் கண்டவுடன் பம்பு பழுதாயிற்றென்று துணிந்து, அதைக் கழற்றிப் பெரும்பொருள் செலவிடுவோர் உளர். ஆராய்ந்து பார்க்குமிடத்து ஒரு செப்பு வாஷரோ, வெடிப்புற்ற ரப்பர்க் குழாயோ காரணமாயிருத்தல் கூடும். ஆதலின், எளியவற்றை முதலிலும் அரியவற்றை இறுதியிலும் பரிசோதிக்கும் முறையை அறிந்திருத்தல் நலம்.

இருவகைக் கோளாறு

உதறலும் ஏற்ற இறக்கமும் ஒன்றல்ல. ஒரு ஸிலிண்டர் மட்டும் சரிவர எரியாவிடில், இஞ்சின் ஒரே தாளத்தில் விட்டுவிட்டுக் குலுங்கும். இதனை ‘மிஸ் அடித்தல்’ என்பர். வேகம் மெல்ல ஏறுவதும், பின் இறங்குவதும், மீண்டும் ஏறுவதுமாயிருப்பின் அது ‘ஹண்டிங்’ எனப்படும்.

டீஸல் இஞ்சினின் வேகத்தை நிர்ணயிப்பது புகுத்தப்படும் எண்ணெயின் அளவே. வேகம் குறைந்தால் எண்ணெயைக் கூட்டியும், மிகுந்தால் குறைத்தும் சமன் செய்வது கவர்னர் என்னும் உறுப்பு. ஜேம்ஸ் வாட் 1788-ஆம் ஆண்டில் நீராவி யந்திரத்தில் சுழலும் குண்டுகளையுடைய கவர்னரை அமைத்தார். பழைய டீஸல் பம்புகள் பலவற்றில் உள்ளதும் அத்தத்துவமே. பம்புக்குச் செல்லும் எண்ணெயில் காற்றுக் குமிழி கலந்தால் வேகம் தாழும். கவர்னர் எண்ணெயைக் கூட்டும். குமிழி நீங்கியதும் வேகம் அளவு கடந்து ஏறும். கவர்னர் மீண்டும் குறைக்கும். இச்சுழல் ஓயாது நிகழ்வதே ஏற்ற இறக்கம். கவர்னரின் கைகள் அழுக்கால் இறுகினும் இவ்வாறே நேரும்.

முதலில் கவனிக்க வேண்டுவன

கோளாறு காலையில் குளிர்ந்த நிலையில் மட்டும் தோன்றுகிறதா, சூடேறிய பின்னும் நீடிக்கிறதா, வடிகட்டி மாற்றிய பின் தொடங்கியதா என்று நினைவுகூர்தல் வேண்டும். வடிகட்டி மாற்றியபின் தொடங்கியதாயின் காற்றுப் புகுந்ததென்றே முதலில் ஐயுறலாம். புகையின் நிறமும் வழிகாட்டும். கண்ணைக் கரிக்கும் வெண்புகை எரியாத எண்ணெயைக் குறிக்கும். ரேடியேட்டர் நீர் குறைவதுடன் வெண்புகை நீடித்தால் நீர் ஸிலிண்டரினுள் கசிகிறதென ஐயுற வேண்டும். கரும்புகை காற்றுக் குறைவையோ எண்ணெய் மிகுதியையோ காட்டும். நீலப்புகை மசகெண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை காணின் காற்று வடிகட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

இஞ்சின் நன்றாயிருந்தும், அதனைத் தாங்கும் ரப்பர்கள் தேய்ந்திருந்தால் வண்டி குலுங்கும். இதையும் மறத்தலாகாது.

எண்ணெயில் நீரும் காற்றும்

வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்திச் சிறிது எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்தால், டீஸல் நீரைவிட இலேசானதாகையால், நீர் அடியில் தங்கும். நீர் காணின் தெளிந்த எண்ணெய் வரும்வரை வடித்துவிட வேண்டும்.

தொட்டிக்கும் ஊட்டும் பம்புக்கும் இடையிலுள்ள குழாயில் எண்ணெய் உறிஞ்சப்பட்டுச் செல்கிறது. ஆகவே அங்குள்ள வெடிப்பின் வழியே எண்ணெய் வெளியே ஒழுகாது. காற்றே உள்ளே புகும். ஈரம் காணவில்லை என்பதால் குழாய் நன்றாயிருக்கிறதென்று முடிவு செய்வது தவறு. டீஸலைத் தாங்கக்கூடிய, உள்ளே தெரியும் குழாய்த் துண்டு ஒன்றை இடையில் பொருத்தினால் குமிழிகள் புலப்படும். தொட்டி மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருப்பதும் உண்டு. மூடியைத் தளர்த்தியவுடன் இஞ்சின் சீர்ப்படின் காரணம் அதுவே.

பழைய பம்பு உள்ள வண்டிகளுக்கு மற்றொரு சோதனை உண்டு. சுத்தமான டப்பாவில் நல்ல டீஸலை ஊற்றிச் சற்று உயரத்தில் வைத்துத் தனிக் குழாயால் பம்புக்கு ஊட்ட வேண்டும். காற்றை வெளியேற்றியபின் இஞ்சின் சீராக ஓடினால் குற்றம் தொட்டி, குழாய், வடிகட்டி இவற்றில் உள்ளது. ஓடாவிடில் பம்பு, நாஸில் முதலியவற்றில் உள்ளது. பல நாள் அலைச்சலை இச்சோதனை மிச்சப்படுத்தும்.

காற்றை வெளியேற்ற, வடிகட்டியின் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழியற்ற எண்ணெய் வரும்வரை கைப்பம்பை அழுத்திப் பின் முடுக்க வேண்டும். வாஷரைப் புதிதாக இடுதல் நன்று.

குற்றமுள்ள ஸிலிண்டர்

பழைய வண்டிகளில் மெக்கானிக்குகள் ஒவ்வொரு நாஸிலின் குழாய் நட்டையும் முறையே சிறிது தளர்த்துவர். நல்ல ஸிலிண்டரைத் தளர்த்தினால் ஓட்டம் மேலும் கெடும். எதைத் தளர்த்தியும் ஓசை மாறவில்லையோ அதுவே குற்றமுள்ளது. அதன் நாஸிலை அடுத்த ஸிலிண்டருக்கு மாற்றிப் பார்க்கக் கோளாறும் உடன் சென்றால் நாஸில் பழுது. செல்லாவிடில் வால்வையோ பிஸ்டன் ரிங்கையோ ஐயுறலாம்.

பேரபாயம்

காமன் ரெயில் முறையிலமைந்த புதிய வண்டிகளில் இவ்வாறு நட்டைத் தளர்த்தல் ஒருபோதும் கூடாது. அவற்றில் எண்ணெயின் அழுத்தம் 1,600 பாருக்கு மேலும் செல்லும். இஞ்சின் ஓடுகையில் கசிவைக் கையால் தடவிப் பார்த்தலும் ஆகாது. ஊசிபோன்ற எண்ணெய்த் தாரை தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறு புள்ளியாகவே தோன்றும். வலியும் முதலில் சிறிதாயிருக்கலாம். ஆயினும் உள்ளே தசை அழுகி விரலையோ கையையோ இழக்க நேரும். அத்தகையவரைக் காலந்தாழ்த்தாது அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, உட்புகுந்தது டீஸல் என்பதையும் கூற வேண்டும். பழைய பம்பின் தாரைக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

இப்புதிய வண்டிகளில் கவர்னரின் வேலையை மின்னணுக் கருவி செய்கிறது. அதிலுள்ள குறியீடுகளையும், ஒவ்வொரு ஸிலிண்டருக்கும் அது செய்யும் திருத்த அளவையும் தொழிற்சாலையில் படித்தறியலாம். பம்பின் எண்ணெய் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு அழுக்கால் ஒட்டிக்கொள்வதும், புகையை மீண்டும் உட்செலுத்தும் வால்வு கரியால் மூடாது நிற்பதும் சீரற்ற ஓட்டத்துக்கு அடிக்கடி காணப்படும் காரணங்கள்.

வருமுன் காத்தல்

இக்கோளாறுகள் பலவற்றுக்கு மூலம் அசுத்த எண்ணெயே. பீப்பாயில் சேமிக்கும் டீஸலில் இரவுக் குளிர்ச்சியால் நீர் சேரும். நீரும் எண்ணெயும் சந்திக்குமிடத்தில் நுண்கிருமிகள் பெருகிப் பிசுக்கு உண்டாகும். பீப்பாயை நிழலில் வைத்து, அடிமண்டியை விட்டு மேலெண்ணெயை மட்டும் வடிகட்டி எடுத்தல் வேண்டும். மண்ணெண்ணெய் கலப்பது சிக்கனமன்று; அதன் மசகுத்தன்மை குறைவாகையால் பம்பு விரைவில் தேயும். வடிகட்டியிலுள்ள நீரை அவ்வப்போது வடிப்பதும், உரிய காலத்தில் அதை மாற்றுவதும் சிறு செலவே. டிராக்டருக்கும் நீரிறைக்கும் டீஸல் இஞ்சினுக்கும் இவ்விதிகள் பொருந்தும். அறுவடைக் காலத்துக்கு முன்பே இவற்றைக் கவனித்துக்கொள்பவர் விளைபொருளோடு பாதிவழியில் நிற்க நேராது.