எழுத்தின் பிறப்பும் எழாத சொல்லும்

உந்தியில் எழும் வளி, தலையினும் மிடற்றினும் நெஞ்சினும் நின்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் தொழிற்பட, வெவ்வேறு எழுத்தாகப் பிறக்கும் என்பது தொல்காப்பியப் பிறப்பியலின் கருத்து. இதனைப் பாடங்கேட்ட மாணாக்கர் பலர். ஆயின், அவ்வுறுப்புக்களுள் ஒன்று தன்றொழில் குன்றின் விளைவதென்னை என்று வினவுவார் மிகச் சிலரே. அவ்வினாவையே பொருளாகக் கொண்டு எழுந்தவை பேச்சுச் சிகிச்சையும் செவிப்புலவியலும் ஆகும்.

நம் நாட்டிற் களனிப் பல்கலைக்கழகத்தின் றாகமை மருத்துவபீடத்திலே, பேச்சு, கேட்டல் ஆகியவை பற்றிய நான்காண்டுப் பட்டப்படிப்பு 2008ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. இத்துறையிற் புகும் மாணாக்கர் உடற்கூற்றியலோடு ஒலியியலும், நரம்பியலோடு உளவியலும், இவற்றோடு மொழியியலும் பயிலல் வேண்டும். பாரிசு நகர மருத்துவர் புரோக்கா, பேச்சிழந்து இறந்த ஒருவரின் மூளையை 1861இல் ஆராய்ந்து, அதன் இடப்பக்க முன்பகுதி சிதைந்திருக்கக் கண்டார். தடையின்றிப் பேசியும் பிறர் சொல்லின் பொருளை உணராத நோயாளர் நிலையை 1874இல் விளக்கிய செருமானியராகிய வேர்ணிக்கே, மூளையின் பொட்டுப்பகுதியைச் சுட்டினார். சொல்லும் பொருளும் பிரியாதன என்பர் புலவர். நோய் அவற்றையும் பிரித்துவிடுகின்றது.

செவியின் செய்தியும் இத்தகையதே. ஒலியின் அளவு டெசிபெல் என்னும் அலகாற் கூறப்படும். 20 டெசிபெல்லினும் மெல்லிய ஒலியைக் கேட்கும் செவி குறையற்றதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. பிறந்த ஒரு மாதத்துட் சோதனை, மூன்று மாதத்துள் நோய்நிர்ணயம், ஆறு மாதத்துட் சிகிச்சை என்பது இத்துறையார் வகுத்த நெறி. கேளாத குழவிக்குப் பேச்சுமொழி தானே வந்தெய்தாதாகலின், இழக்கும் ஒவ்வொரு மாதமும் அதன் கல்வியை இழப்பதாகும்.

ஈண்டுத் தமிழ் கற்றார் கருதற்பாலது ஒன்றுண்டு. சிகிச்சைமுறையைப் பிறமொழி நூல்களிற் கற்கலாம்; சிகிச்சையை நோயாளரின் மொழியிலன்றிச் செய்தல் அரிது. ஆங்கிலத்திலே பகரத்தின் வல்லொலியும் மெல்லொலியும் சொற்பொருளை வேறாக்கும். தமிழிலோ ஒரே பகரம் நின்ற இடத்திற்கேற்ப இருவாறும் ஒலிக்கும். ஆதலின் ஆங்கிலச் சோதனைத்தாளை அவ்வாறே மொழிபெயர்த்துக் குழந்தையைச் சோதித்தல் பொருந்தாது. மேலும், யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிற் பழம் என்பதைப் பளம் என ஒலித்தல் பெருவழக்கு. அது வழக்கேயன்றி நோயன்று. வட்டாரவழக்கை அறியாதார் குறையற்ற நாவிற்குக் குறைகூறுவர். மெய்யான குறையை வழக்கென்று விட்டுவிடுதலும் கூடும்.

இனி, நம் வகுப்பறைகளை நோக்குவோம். சொல்வதெழுதலிற் பலகாற் பிழைக்கும் சிறுவன் கவனமற்றவன் என்று தண்டிக்கப்படுகிறான். அவன் நடுச்செவியில் நீர்கோத்திருத்தல் கூடும். திக்கிப் பேசும் சிறுமியை நிறுத்தி, மீட்டும் சொல்லென்று அதட்டுகின்றோம். அதட்டலால் அச்சம் மிகும், திக்கலும் மிகும். அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருத்தலே ஆசிரியர் செய்யத்தக்க முதல் உதவி. அதன்பின் உரியாரிடம் அனுப்புதல் வேண்டும்.

அவ்வுரியார் தமிழறிந்தவராய் இருத்தல் வேண்டுமன்றோ? உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணாக்கர், மருத்துவம் ஒன்றே பெருங்கல்வியென்று எண்ணி, அது கிட்டாதவிடத்து மனமுடைகின்றனர். அவர்க்கு இத்துறையை எடுத்துக்காட்டுதல் ஆசிரியர் கடன். தமிழ்க் குழந்தைகள் எவ்வயதில் எவ்வொலியைத் திருந்தச் சொல்கின்றனர் என்பதை ஊர்தோறும் கேட்டுத் தொகுத்து உதவுதல் பண்டிதர் கடன். எழுத்தின் பிறப்பை ஆராய்ந்தறிந்த மொழியிலே, ஒரு குழந்தையின் சொல் பிறவாது நிற்க நாம் வாளாவிருத்தல் தகுமோ?