கைம்மாறும் ஒப்புரவும்: சீகாழி முனிசீபு வேதநாயகர் வாழ்வு தரும் விளக்கம்

திருக்குறள் இல்லறவியலில் செய்ந்நன்றியறிதல் 11ஆம் அதிகாரமாகவும் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. முன்னது பெற்ற உதவியை மறவாமையை வற்புறுத்துவது. பின்னது மழையை எடுத்துக்காட்டிக் கைம்மாறு கருதாத கடப்பாட்டை உணர்த்துவது. இவ்விரண்டனையும் ஒருங்குவைத்து நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. உதவியவன் கைம்மாறு வேண்டாதவனாயின், பெற்றவன் தன் நன்றியை எங்ஙனம் செலுத்துவான்? உதவியவன் மறைந்துவிட்டாலோ, ஒரு குறையும் இல்லாதவனாக இருந்தாலோ, அந்நன்றி உள்ளத்தளவில் நின்றுவிடுமா? அன்றிப் பிறர்பாற் பாயுமா? இவ்வினாவிற்கு உரைகளில் மட்டுமன்றிச் சான்றோர் வாழ்க்கையிலும் விடை காணலாம். சீகாழியிலும் மாயூரத்திலும் முனிசீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளையின் (1826–1889) வரலாறு அத்தகையது.

1. சீகாழித் தொடர்பு

வேதநாயகர் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரிற் பிறந்த கத்தோலிக்கக் கிறித்தவர். தரங்கம்பாடியிலும் பின்னர்ச் சீகாழியிலும் முனிசீபாகப் பணியாற்றி, அதன்பின் மாயூரத்திற்கு மாறினார். அவ்வூர்ப் பெயரே அவருடைய அடைமொழியாக நிலைத்துவிட்டது. சீகாழியோ ஞானசம்பந்தர் தோன்றிய பதி. பன்னிரு பெயர்களாற் பாடப்பெற்ற தலம். சைவ மரபு ஆழ வேரூன்றிய ஊர். அங்கே நீதி வழங்க அமர்ந்த கிறித்தவர் ஒருவர் தமிழ்ப்புலமையால் அம்மரபினரோடு நெருங்கிய நண்பரானார் என்பது கருதத்தக்கது.

அந்நண்பருள் தலையாயவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876). வேதநாயகரின் நீதிநூல் 1859இல் வெளிவந்தபோது அதற்குச் சிறப்புப்பாயிரம் வழங்கியவர் அவர். வேதநாயகர் சீகாழியில் இருந்த காலத்திலேயே அவ்வூர்ச் சிவபெருமானைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட சீகாழிக்கோவையைப் பிள்ளையவர்கள் இயற்றி அரங்கேற்றினார். கிறித்தவரான முனிசீபு அதனைப் பாராட்டிச் செய்யுள் பாடினார். பிள்ளையவர்களோ தம் நண்பரையே தலைவராக்கிக் குளத்துக்கோவை என்னும் நூலைப் பாடினார். சிவபெருமானைப் பாடிய நாவே மாற்றுச் சமயத்தைச் சார்ந்த நண்பரையும் அகப்பொருட் கோவையாற் பாடியது. இருவரும் தத்தம் சமயத்தை நெகிழவிட்டவர் அல்லர். எனவே இந்நட்பைச் சமயப் பற்றின்மையின் விளைவு எனக் கூறுதல் பொருந்தாது. பற்றோடு கூடியே பிறரை மதித்த நாகரிகம் என்பதே பொருந்தும்.

இத்தொடர்பு வேதநாயகரோடு அமையவில்லை. பிள்ளையவர்களின் மாணாக்கருள் கிறித்தவரான சவேரிநாத பிள்ளையும் ஒருவர். தமிழை ஊதியம் கருதாது வழங்கிய ஆசிரியர்க்கு அவருடைய இறுதிக்காலத்தில் உடனிருந்து பணிவிடை செய்தவருள் இம்மாணாக்கரும் இருந்தார். உ. வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் வரலாற்றை எழுதியபோது இத்தகைய செய்திகளைப் போற்றிப் பதிந்துள்ளமையும் ஒருவகை நன்றிக்கடனே.

2. தாது வருடப் பஞ்சம்

பிள்ளையவர்கள் 1876 பிப்ரவரித் திங்களில் மறைந்தார். அவ்வாண்டின் பருவமழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என மக்கள் நாவில் நின்ற கொடும்பஞ்சம் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிற்று. மாண்டோர் பல இலட்சம். காவிரிப் பாசனம் உடைய தஞ்சைத் தரணி வறண்ட மாவட்டங்களைப்போல் முற்றும் அழியவில்லை. ஆயினும் நெல் விலை ஏறிற்று. நிலமற்ற கூலியாட்கள் பசித்தனர். வெளி மாவட்டங்களிலிருந்தும் மக்கள் சோறு தேடி வந்தனர்.

அரசினர் நிவாரணம் அளந்து தரப்பட்டது. 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த திட்டத்தின்படி, நிவாரண வேலைக்கு வந்த ஆடவன் ஒருவனுக்கு நாட்கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் எனக் குறைக்கப்பட்டது. உழைப்பிற்கு இவ்வளவு கூலி என்னும் கணக்கு அது.

பதவியினின்று ஓய்வுபெற்று மாயூரத்தில் வாழ்ந்த வேதநாயகர் இக்காலத்தில் தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்கு உணவளித்தார். பசித்து வந்தவர் எச்சமயத்தார், எக்குலத்தார் என்னும் ஆராய்ச்சி அங்கு எழவில்லை. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் இவ்வறச்செயலை வியந்து கீர்த்தனை பாடினார் என்பது இசையுலகம் அறிந்த செய்தி. 1878இல் வெளிவந்த வேதநாயகரின் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளில் பஞ்சத்தின் துயரை இறைவனிடம் முறையிடும் பாடல்களும் உள்ளன. எச்சமயத்தாரும் தம் கடவுளை எண்ணிப் பாடத்தக்க வகையில் அந்நூல் அமைந்திருத்தல் நோக்கற்பாலது. ஒரே பந்தியில் உண்டவர் ஒரே பாட்டைப் பாடுதற்கும் அது இடந்தந்தது.

3. பண்டமாற்றும் கைம்மாறும்

ஈண்டு ஒரு தடை எழலாம். புரவலன் பொருள் தருவதும் புலவன் பாட்டுத் தருவதும் பழைய வழக்கே; கோவை பாடியதும் பாயிரம் தந்ததும் பண்டமாற்றன்றி வேறென்ன என்பது அத்தடை. புலவர்க்கும் முனிசீபுக்கும் இடைப்பட்ட அளவில் இதனை முற்றும் மறுத்தல் அரிது. ஆனால் கஞ்சி வேண்டி வந்தவர் கோவை பாட வல்லவர் அல்லர். மீண்டும் காண்பதற்கும் உரியர் அல்லர். அவர்பால் சென்ற பொருளுக்கு எதிர்ப்பொருள் இல்லை. பண்டமாற்று முடிந்து ஒப்புரவு தொடங்கும் எல்லை இதுவே.

வேதநாயகர் தம் செயலை இன்னாருக்கு ஆற்றும் கைம்மாறு எனப் பெயரிட்டுக் கூறினார் என்று நாம் சாதிக்க வரவில்லை. நாம் காட்டுவது நிகழ்ச்சிகளின் ஒழுங்கே. அவருக்கு உண்டியும் உயர்வும் அளித்தது சோழநாடு. அவர் தமிழைப் பெரிதும் மதித்தோர் அந்நாட்டுச் சைவப் புலவரும் மடத்தாரும். அவர் ஈட்டியது அந்நாட்டு மக்களுக்கே திரும்பிற்று. பஞ்சத்திற்கு முன்பே இப்போக்கிற்குச் சான்றுண்டு. 1805 முதல் 1861 வரை சென்னை உயர் நீதிமன்றங்கள் அளித்த தீர்ப்புகளைச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862இல் தமிழாக்கினார். ஆங்கிலம் அறியாத குடிகளும் தம் வழக்கின் நெறியை அறிதல் வேண்டும் என்பதே அதன் பயன். உணவும் சட்ட அறிவும் வேறுவேறாயினும், தந்த நிலத்திற்கே திரும்பத் தருதல் என்னும் நெறி ஒன்றே.

தனியொருவர் ஈகை பஞ்சத்தை நீக்கிவிடவில்லை என்பதும் உண்மை. மழையும் விலையும் ஆட்சிமுறையும் சேர்ந்து விளைத்த கேட்டை ஒருவர் களஞ்சியம் தடுத்தல் இயலாது. ஆயினும் ஒப்புரவின் அளவு தீர்ந்த துன்பத்தின் அளவன்று. தந்தவன் தன் எல்லைக்கு அப்பால் எத்துணைத் தொலைவு நோக்கினான் என்பதே அதன் அளவு.

இதுகாறும் கூறியவற்றால் முதலில் எழுப்பிய ஐயம் தெளிவுறும். செய்ந்நன்றியறிதல் உள்ளத்தின் நிலை. ஒப்புரவு அந்நிலையின் ஒழுக்கம். உதவியவனுக்கே திரும்பும் நன்றி கடனடைப்பு. உதவியவனைக் கடந்து, தனக்கு யாதும் செய்யாத பிறர்பாற் செல்லும் நன்றி ஒப்புரவு. சீகாழி காவிரியின் கடைமடை நாடு. மேல்மடையார் தாம் பெற்ற நீரை மீண்டும் மலைக்கு அனுப்புதல் இல்லை, கீழ்மடைக்கு விடுகின்றனர். அதனாற்றான் கடைமடையும் விளைகின்றது. கைம்மாறு வேண்டாத கடப்பாடும் கைம்மாறு செய்ய விழையும் நன்றியும் தம்முள் முரணாமல் ஒன்றும் இடம் அதுவே.