டிராக்டரில் டீசல் கசிகிறதா?

பழைய டிராக்டரில் இன்ஜெக்டரின் மேல் டீசல் ஈரம் கண்டதும் இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டியதில்லை. ஊசிக்கு வழவழப்புத் தந்து மிஞ்சும் டீசலைத் தொட்டிக்குத் திருப்பும் ரப்பர் ரிட்டர்ன் குழாய், சூட்டில் இறுகி வெடித்திருக்கலாம். ஒழுகும் டீசல் சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும்.

இஞ்சின் நன்கு ஆறியபின் பழைய குழாயை நீளவாக்கில் பிளேடால் கீறி உரிக்க வேண்டும். குறட்டால் இழுத்தால் நிப்பிள் முறியும்; அப்புறம் செலவு குழாயோடு நிற்காது. சைக்கிள் வால்வு டியூப் உதவாது, டீசலில் ஊறி உப்பிவிடும். அதே உள்விட்டமுள்ள டீசல் குழாயே தேவை. ஒன்று வெடித்திருந்தாலும் எல்லாத் துண்டுகளையும் மாற்றுவது நல்லது.

மாற்றியபின் துடைத்துவிட்டு, இஞ்சினை ஓட்டிக் கசிவைப் பார்க்கவும். அப்போது பம்பிலிருந்து வரும் இரும்புக் குழாய்களின் அருகே கையை நீட்டக் கூடாது. அவற்றில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.