சமக்குறி இல்லாத கணக்குப் பொறி

2 + 3 × 4 எவ்வளவு? இக்கேள்விக்கு எங்கள் வகுப்பிலேயே இரண்டு விடைகள் கிடைத்தன. கடைகளில் பயன்படும் எளிய கால்குலேட்டரை அழுத்தியவர்கள் 20 என்றனர். அறிவியல் கால்குலேட்டரை அழுத்தியவர்கள் 14 என்றனர். பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்பது கணித விதியாதலால் 14 என்பதே சரி. எளிய பொறியோ அழுத்திய வரிசையிலேயே 2-ஐயும் 3-ஐயும் கூட்டி, வந்த 5-ஐ நான்கால் பெருக்கிவிட்டது. அழுத்திய விசைகள் ஒன்றே. விடைகள் மட்டும் வேறு!

இக்குழப்பத்துக்கு இடம் தராத முறை ஒன்று உண்டு. அதன் பெயர் தலைகீழ்ப் போலந்துக் குறியீட்டு முறை. பெயரைக் கேட்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. போலந்து நாட்டுத் தருக்க அறிஞர் யான் வுகாசியேவிச் (1878–1956) அடைப்புக்குறிகளே தேவைப்படாதவாறு, குறியை முன்னே வைத்து எழுதும் முறையைக் கண்டார். அதன்படி 2 + 3 என்பது + 2 3 ஆகும். குறியைக் கடைசிக்கு மாற்றினால் 2 3 + ஆகிறது. அதனாலேயே 'தலைகீழ்' என்ற அடைமொழி. 1972-இல் 395 டாலர் விலையில் வெளிவந்த எச்.பி.-35 என்னும் கையடக்கக் கால்குலேட்டர் இம்முறையில் இயங்கியது. அதில் சமக்குறி விசை கிடையாது; 'என்டர்' என்னும் விசை உண்டு.

தமிழ் பேசும் நமக்கு இம்முறை புதிதன்று. "இரண்டையும் மூன்றையும் கூட்டு" என்றுதானே சொல்கிறோம்? எண்கள் முன்னே, ஏவல் பின்னே. அவ்வாறே 2, என்டர், 3, + என அழுத்தினால் 5 வந்துவிடும். கழித்தலிலும் வகுத்தலிலும் மட்டும் வரிசையைக் கவனிக்க வேண்டும். 20, என்டர், 4, ÷ என்றால் 5; எண்களை இடம் மாற்றினால் 0.2!

இனி முதல் கணக்குக்கு வருவோம். 2, என்டர், 3, என்டர், 4, ×, + என்றால் 14. கூட்டலைத்தான் முதலில் செய்ய விரும்பினால் 2, என்டர், 3, +, 4, × என்போம், 20 வரும். எண்ணம் வேறானால் விசை வரிசையும் வேறாகிறது.

பொறி எண்களை எப்படி நினைவில் வைக்கிறது? உணவறையில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம் அல்லவா? கடைசியில் வைத்த தட்டே முதலில் கைக்கு வரும். எச்.பி.-35-இல் இத்தகைய நான்கு அடுக்குகள் உண்டு. 500 ரூபாயுடன் கடைக்குச் சென்று, 35 ரூபாய் வீதம் 12 நோட்டுகளும் 10 ரூபாய் வீதம் 5 பேனாக்களும் வாங்குகிறோம். மீதி எவ்வளவு?

500, என்டர், 12, என்டர், 35, × : 420 தெரியும்.
5, என்டர், 10, × : 50 தெரியும்.
+ : 470 தெரியும்.
– : 30 தெரியும்.

அடியில் காத்திருந்த 500 கடைசியில்தான் எடுக்கப்பட்டது. தாளில் எதையும் குறித்துவைக்கவில்லை, அடைப்புக்குறியும் இடவில்லை. ஒவ்வொரு படியின் விடையும் கண்முன் தெரிவதால், பிழை நேர்ந்தால் அந்த இடத்திலேயே பிடித்துவிடலாம்.

ஆயினும், எதை முதலில் செய்வது என்று பொறி நமக்குச் சொல்வதில்லை. அதை முடிவு செய்வது நம் பொறுப்பு. கணக்கைப் புரிந்துகொண்ட பின்னரே விசையைத் தொட முடியும். விரல் முந்தாமல் அறிவு முந்த வேண்டும் என்பதே இச்சிறு பொறி நமக்குக் கற்பிக்கும் பாடம்.