கணப்பா, கஞ்சியா?

பசியையும் நோயையும் வறுமையின் தோழர்களாக நம் ஜனங்கள் நன்கு அறிவார்கள். குளிரை அவ்விதம் அறிந்தவர்கள் நம்மில் சிலரே. சென்னையில் மார்கழி மாதத்து விடியற்காலையிலும் உஷ்ணமானி 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது; ஒரு துப்பட்டி போதும், சூரியன் உதித்ததும் அதுவும் வேண்டியதில்லை. ஆகவே, உலகத்தின் பெருஞ் செல்வம் படைத்த தேசங்களுள் ஒன்றாகிய பிரிட்டனில், சொந்த வீட்டுக்குள் இருந்துகொண்டே குளிரால் நோயுற்று மடிகிறவர்கள் வருஷந்தோறும் இருக்கிறார்கள் என்றால், நமது வாசகர்களில் பலருக்கு அது நம்பத்தகாத விஷயமாகத் தோன்றலாம். ஆயினும் அது உண்மை. அத்தேசத்து ஏழைக் குடும்பங்கள் குளிர்காலத்தில் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: இன்று கையிலுள்ள காசைக் கணப்புக்குச் செலவிடுவதா, கஞ்சிக்குச் செலவிடுவதா?

இது நமக்குச் சம்பந்தமில்லாத அயல்நாட்டுச் செய்தியுமன்று. ஈஸ்ட் ஹாம், ஹாரோ முதலிய லண்டன் பகுதிகளில் ஈழத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் சென்ற நம்மவர் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றனர். படிக்கச் சென்ற பிள்ளைகள் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்து, முதல் குளிர்காலத்திலேயே இக்கேள்வியைச் சந்திக்கிறார்கள். ஆதலின் இதன் காரணத்தையும் பரிகாரத்தையும் சற்று விரிவாகவே விசாரிப்போம்.

முதலில் விலையைப் பார்ப்போம். பிரிட்டனில் பெரும்பாலான வீடுகள் எரிவாயுவினாலேயே உஷ்ணமூட்டப்படுகின்றன. சாதாரண அளவில் எரிவாயுவும் மின்சாரமும் உபயோகிக்கும் ஒரு குடும்பத்தின் வருஷாந்தரச் செலவுக்கு, விலைக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் நிர்ணயித்த உச்ச வரம்பு 2021 அக்டோபரில் 1,277 பவுனாக இருந்தது. 2022 ஏப்ரலில் அது 1,971 பவுனாயிற்று. அவ்வருஷம் பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேனின்மீது படையெடுத்த பின்னர் ஐரோப்பிய எரிவாயுச் சந்தையே நிலைகுலைந்தது. 2022 அக்டோபருக்கென்று அறிவிக்கப்பட்ட வரம்பு 3,549 பவுன்! ஓராண்டுக்குள் ஏறக்குறைய மூன்று மடங்கு. சர்க்கார் தலையிட்டு, கஜானாவிலிருந்து ஈடு செய்து, அதை 2,500 பவுனில் நிறுத்தி, வீட்டுக்கு 400 பவுன் உதவியும் அளித்தனர். அப்படியும் ஏழைகளுக்கு அது தாங்கக்கூடிய தொகையாக இல்லை. பின்னர் விலை இறங்கியது. எனினும் 2021-ஆம் வருஷத்து நிலைக்குத் திரும்பவில்லை.

குளிர்ந்த வீட்டினால் விளையும் தீங்கு வெறும் அசௌகரியம் மாத்திரமன்று. உலக சுகாதார ஸ்தாபனம் 2018-ல் வெளியிட்ட விதிகளில், குளிர்ப் பிரதேசங்களில் வீட்டினுள் 18 டிகிரி உஷ்ணமாவது இருத்தல் வேண்டுமென்று கூறியிருக்கிறது. அதற்குக் கீழே இறங்க இறங்க, இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது. இரத்தம் தடித்து உறைய முற்படுகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் முதியவர்களைத் தாக்குகின்றன. சுவாசப்பைகள் பலவீனப்பட்டு இருமலும் ஆஸ்துமாவும் முற்றுகின்றன. குளிர்ந்த சுவர்களில் நீராவி படிந்து ஈரமாகி, அதில் பூசணம் பூக்கிறது. 2020-ஆம் வருஷக் கடைசியில் ராச்டேல் நகரில் இரண்டு வயதுக் குழந்தையொன்று, வாடகை வீட்டுப் பூசணத்தை நெடுநாள் சுவாசித்ததன் விளைவாக இறந்துபோயிற்று. மரண விசாரணை அதிகாரி 2022-ல் அவ்விதமே தீர்ப்பளித்தார். பெற்றோர் முறையிட்டும் பரிகாரம் கிடைக்கவில்லை என்பது அவ்விசாரணையில் வெளியாயிற்று.

இங்கே ஓர் ஆச்சரியம் கவனிக்கத்தக்கது. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் மரணங்கள் அதிகரிக்கும் விகிதத்தை ஆராய்ந்தவர்கள், கடுங்குளிர் வீசும் பின்லாந்தில் அது குறைவாகவும், மிதமான சீதோஷ்ணமுள்ள போர்ச்சுகலில் மிக அதிகமாகவும் இருக்கக் கண்டனர். பிரிட்டனும் அயர்லாந்தும் இவ்விஷயத்தில் போர்ச்சுகலின் பக்கமே நின்றன. லண்டனில் ஜனவரி மாதத்துச் சராசரி உஷ்ணம் 5, 6 டிகிரி. பின்லாந்திலோ நீர்நிலைகள் உறைந்துவிடும். அப்படியிருக்க, குளிர் மிகுந்த தேசத்தில் குளிர்கால மரணம் குறைவானேன்? அங்கே வீடுகள் குளிரை எதிர்பார்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன. மனிதனைக் கொல்வது வானிலையைவிட வீடே என்பது இதனால் விளங்கும்.

பிரிட்டிஷ் வீடுகளின் சரித்திரமும் இதற்குச் சாட்சி. இங்கிலாந்திலுள்ள வீடுகளில் ஏறக்குறைய ஐந்திலொன்று 1919-க்கு முன் கட்டப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவை இடைவெளியில்லாத ஒற்றைச் செங்கற்சுவர் கொண்டவை. நிலக்கரி மலிந்திருந்த காலத்தில், அறைதோறும் நெருப்பு எரிவதற்கும், புகைபோக்கி வழியே காற்று இழுபடுவதற்கும் ஏற்ப அவை அமைக்கப்பட்டன. 1952-ல் லண்டனை மூடிய புகைப்பனி ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது; 1956-ல் சுத்தக் காற்றுச் சட்டம் பிறந்தது. 1965-ல் வடகடலில் எரிவாயு அகப்பட்டது. படிப்படியாக நிலக்கரி அடுப்பு போய், பாய்லரும் ரேடியேட்டரும் வந்தன. நெருப்பு மாறியதேயன்றி வீடு மாறவில்லை. உள்ளே ஊட்டிய உஷ்ணம் கூரை வழியாகவும் சுவர் வழியாகவும் ஜன்னல் இடுக்கு வழியாகவும் வெளியேறுகிறது. ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கும் இதற்கும் பேதமில்லை. அந்நீரை விலைகொடுத்து வாங்குகிறவன் ஏழையாயிருப்பதே இதிலுள்ள கொடுமை.

இந்நிலையில், கைப்பொருள் சுருங்கிய குடும்பம் என்ன செய்யக்கூடும்? அனுபவசாலிகளும் வைத்தியர்களும் கூறும் முதல் விதி, வீடு முழுவதையும் சூடாக்க முயலாமல் உடலைச் சூடாக வைத்துக்கொள்வது. கனமான ஒரே அங்கியைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் மெல்லிய ஆடைகள் பல மேலானவை. அவற்றினிடையே தங்கும் காற்றே உஷ்ணத்தைக் காக்கிறது. காலுக்குக் கம்பளிக் காலுறையும் தலைக்குக் குல்லாவும் அவசியம். 2,000 வாட் மின்சாரக் கணப்பு ஒரு மணி நேரத்தில் இரண்டு யூனிட் தின்றுவிடும். 100 வாட் மின்சாரக் கம்பளி அதே இரண்டு யூனிட்டில் 20 மணி நேரம் மனிதனைச் சூடாக வைத்திருக்கும். சமீப வருஷங்களில் அந்நாட்டில் யூனிட் ஒன்றுக்கு மின்சாரத்தின் விலை எரிவாயுவின் விலையைப்போல் சுமார் நான்கு மடங்காக இருந்துவருவதால், இவ்வித்தியாசம் பெரிது. ரப்பர் வெந்நீர்ப் பையும் நல்லதே. ஆனால் அதையும் மின்சாரக் கம்பளியையும் ஒரே படுக்கையில் சேர்த்து உபயோகிக்கலாகாது. சூடான ஆகாரமும் பானமும் அடிக்கடி கொள்ளவேண்டும். ஒரே இடத்தில் நெடுநேரம் உட்கார்ந்திராமல், மணிக்கொரு முறையேனும் எழுந்து நடமாடவேண்டும்.

இரண்டாவது, ஓர் அறையைத் தேர்ந்து அதைக் காப்பது. பகலில் வெயில் விழும் ஜன்னல்களைத் திரையின்றி விட்டு, பொழுது சாய்ந்தவுடன் தடித்த திரைகளை இழுத்து மூடவேண்டும். கதவின் அடியிலும் கடிதம் போடும் துவாரத்திலும் நுழையும் காற்றைத் துணிச்சுருளாலும் தடுப்புப் பட்டையாலும் அடைக்கலாம். ரேடியேட்டருக்கு முன் சோபாவைப் போட்டால், சோபாதான் சூடாகும். மச்சில் உஷ்ணக் காப்புப் பஞ்சு 270 மில்லிமீட்டர் கனம் இருத்தல் அங்கே சிபார்சு செய்யப்படும் அளவு. செலவிட்ட பணத்தைத் துரிதமாகத் திருப்பித் தரக்கூடியவற்றுள் அதுவும் ஒன்று.

மூன்றாவது, சிக்கனம் ஆபத்தாகாமல் பார்த்துக்கொள்வது. கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவடைத்துப் படுப்பது மரணத்தை வலிய அழைப்பதாகும். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமுமில்லை, நெடியுமில்லை, தூங்குகிறவன் எழுந்திருக்கமாட்டான். உதகை, கொடைக்கானல், நுவரெலியா முதலிய மலையூர்களில் வசிப்போரும் இதை மனத்திற் கொள்ளவேண்டும். எரிவாயுக் கருவிகளுக்காக அமைத்த காற்றுத் துவாரங்களை ஒருபோதும் அடைக்கலாகாது. ஈரத்துணிகளை அறைக்குள் உலர்த்தினால், தினமும் சில நிமிஷங்கள் ஜன்னலைத் திறந்து ஈரக்காற்றை வெளியேற்ற வேண்டும். முதியோரும் கைக்குழந்தைகளும் நோயாளிகளும் உள்ள வீட்டில் 18 டிகிரிக்குக் கீழே போய்ச் சிக்கனம் செய்வது சிக்கனமே அன்று. மிச்சப்பட்ட பணம் வைத்தியத்துக்கும் போதாது.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். இவ்வுபாயங்கள் குளிரைச் சகிக்க உதவுமே தவிர, வறுமையைத் தீர்க்கமாட்டா. கணப்பு எரியும் மாளிகையிலிருந்து, “இன்னொரு கம்பளியை அணிந்துகொள்” என்று உபதேசிப்பவர்கள் அங்கும் உண்டு. நாம் அக்கூட்டத்தில் சேர விரும்பவில்லை. ஏழையின் விலைவாசியே வேறு விதமாக அமைந்திருக்கிறது. ஒரு யூனிட்டும் எரிக்காதவனும் தினசரி நிலைக் கட்டணம் செலுத்தவேண்டும். முன்பணம் போட்டாலொழிய ஓடாத மீட்டர் வைத்திருப்பவர்கள், வசதியுள்ளோரைவிட அதிக விலையை 2023 ஜூலை வரையில் கொடுத்துவந்தார்கள். போட்ட பணம் தீர்ந்ததும் விளக்கும் கணப்பும் தாமே அணைந்துவிடும். யாரும் துண்டிக்கவில்லை, ஆகவே துண்டிப்புக் கணக்கிலும் அது ஏறாது.

கடன்பட்டவர் வீட்டில் பலவந்தமாக அத்தகைய மீட்டரைப் பொருத்துவதற்கு மாஜிஸ்திரேட்டின் வாரண்டு தேவை. ஒரு பிரஜையின் வாசலை உடைத்து நுழைய அனுமதிக்கும் உத்தரவு எவ்வளவு யோசனையுடன் பிறப்பிக்கப்பட வேண்டும் என்பதை நியாயஸ்தலங்களில் பழகிய எவரும் அறிவர். அங்கோ, நூற்றுக்கணக்கான வாரண்டுகள் மொத்தமாகச் சில நிமிஷங்களில் வழங்கப்பட்டன என்பது பத்திரிகைகளால் அம்பலமாயிற்று. 2023 பிப்ரவரியில் நீதிபதி எடிஸ் பிரபு அவ்வழக்கத்தை நிறுத்திவைக்கும்படி மாஜிஸ்திரேட்டுகளுக்கு ஆக்ஞாபித்தார். பின்னர் கடுமையான நிபந்தனைகளின்மேல்தான் அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பத்திரிகைகள் வாய் திறந்திராவிடில் எத்தனை வாசல்கள் மேலும் திறக்கப்பட்டிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சட்டமில்லாத குறை அங்கே இல்லை. 2000-ஆம் வருஷத்தில் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றியது. அதைப் பின்பற்றி வகுத்த திட்டத்தின்படி, நியாயமாகச் சாத்தியமான அளவில் இங்கிலாந்தில் எரிபொருள் வறுமை 2016-க்குள் ஒழிந்திருக்க வேண்டும். வருமானத்தில் பத்திலொரு பங்குக்கு மேல் எரிபொருளுக்குச் செலவிட வேண்டியவர் எரிபொருள் வறியர் என்பதே அப்போதைய அளவுகோல். 2013-ல் அளவுகோலை மாற்றினார்கள்; வறியோர் தொகை காகிதத்தில் குறைந்தது. அதே சமயத்தில் வீடுகளுக்கு உஷ்ணக் காப்பு இடும் வேலை, மானியம் சுருங்கியதால் வெகுவாய் வீழ்ந்தது. 2016 வந்தது, போயிற்று, வறுமை போகவில்லை. இப்பொழுது குறிக்கப்பட்டிருக்கும் வருஷம் 2030.

வாடகை வீடுகளின் விஷயமும் இத்தகையதே. உஷ்ணக் காப்பில் மிகத் தாழ்ந்த இரு வகுப்பு வீடுகளை வாடகைக்கு விடுதல் 2018-லிருந்து கட்டம் கட்டமாகத் தடுக்கப்பட்டது. ஆனால் சொந்தக்காரர் 3,500 பவுனுக்கு மேல் செலவிடக் கடமைப்பட்டவரல்லர் என்ற விலக்கும் பின்னர் விதிக்கப்பட்டது. குறை கூறும் குடியிருப்பாளரைக் காரணம் சொல்லாமலே வெளியேற்றலாம் என்ற நிலை இருந்த வரையில், ஏழை சொல் அம்பலம் ஏறவில்லை. அவ்வதிகாரத்தை நீக்கும் சட்டம் 2025-ல்தான் நிறைவேறிற்று. ராச்டேல் குழந்தையின் பெயரால் வழங்கும் விதிகளும், பொது வீட்டு ஸ்தாபனங்கள் ஈரத்தையும் பூசணத்தையும் குறித்த காலத்துக்குள் கவனிக்க வேண்டுமென்று, 2025 அக்டோபரில்தான் அமுலுக்கு வந்தன. ஒரு பாலகனின் உயிர் அதற்குக் கிரயமாயிற்று!

முதியோருக்கு 1997-ல் ஏற்பட்ட குளிர்கால எரிபொருள் உதவித்தொகையின் கதையும் படிப்பினையுள்ளது. 2024-ல் சர்க்கார் அதை மிக ஏழைகளுக்கு மட்டுமென்று சுருக்கினர்; ஒரு கோடிக்கு மேற்பட்டிருந்த பயனாளிகள் சுமார் 15 லக்ஷமாகக் குறைந்தனர். உதவித் தொகைக்கு மனுச் செய்யத் தெரியாத ஏழைகளும், வரம்புக்குச் சற்றே மேலிருந்தவர்களும் கைவிடப்பட்டனர். ஜனங்களின் கண்டனம் பலமாக எழவே, 2025 ஜூனில் அத்தீர்மானம் பெரும்பாலும் வாபஸ் பெறப்பட்டது. பொதுஜன அபிப்பிராயத்துக்கு வலிமையுண்டு என்பதற்கு இது உதாரணம்.

இவற்றுக்கிடையே போற்றத்தக்க காட்சியொன்றும் உண்டு. 2022-ஆம் வருஷக் குளிர்காலத்தில் வாசகசாலைகளும் மாதாகோயில்களும் மசூதிகளும் குருத்வாராக்களும் தம் கதவுகளைத் திறந்து, குளிரில் நடுங்குவோர் வந்து உட்கார இடமும் தேநீரும் அளித்தன. அத்தகைய இடங்கள் ஆயிரக்கணக்கில் தோன்றின. தருமம் செய்தவர்களுக்கு நம் வணக்கம். ஆயினும், இரவு எட்டு மணிக்கு வாசகசாலை அடைபட்டதும் கிழவி திரும்பிப் போவது அதே குளிர்ந்த வீட்டுக்குத்தான்.

ஆகவே செய்யவேண்டுவன மூன்று. மானியம் குளிர்காலத்துக்கு மட்டும் வரும் விருந்தாளியாயிராமல், வீட்டின் கூரையிலும் சுவரிலும் நிரந்தரமாகச் செலவிடப்பட வேண்டும். எரிபொருள் விலையில் ஏழைகளுக்கென்று நியாயமான தனி விகிதம் வேண்டும். சட்டத்தில் எழுதப்பட்ட உரிமையை வாடகைக் குடியிருப்பாளர் அச்சமின்றிக் கேட்டுப் பெற வழி வேண்டும். அந்த நாள் வரும் வரையில், அங்குள்ள நம் சகோதரர்கள் கம்பளியை இறுகப் போர்த்துக்கொள்வதோடு நின்றுவிடாமல், ஈரச் சுவரைப் பற்றி எழுத்து மூலமாக முறையிட்டு, அம்முறையீட்டின் நகலையும் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்வார்களாக. பக்கத்து வீட்டில் தனித்திருக்கும் முதியவரின் கதவையும் தினம் ஒரு முறை தட்டிப் பார்ப்பார்களாக.