அலையாத்திக் காட்டுச் சேறு ஏன் நாறுகிறது? மின்னி பே சொல்லும் உரக் கணக்கு

அந்தமானின் தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 வரை இதன் பெயர் போர்ட் பிளேர்) இருக்கிறது மின்னி பே. இதுபோன்ற அலையாத்தி மரங்கள் நிற்கும் கரைக்குக் கடல் வற்றிய நேரத்தில் போனால், முதலில் வரவேற்பது அழுகிய முட்டை நாத்தம்தான். பலரும் இதைச் சாக்கடை நாத்தம் என்று நினைத்துவிடுகிறார்கள். எல்லா நேரமும் அப்படி இல்லை. காட்டின் சமையலறையிலிருந்து வரும் வாசனை அது.

சேற்றுக்குள் என்ன நடக்கிறது?

சுரபுன்னை மரத்தின் இலை பழுத்து விழுவதற்கு முன்பே, அதிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸில் பெரும் பகுதியை மரம் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மிச்சமிருக்கும் சத்தோடுதான் மஞ்சள் இலை விழுகிறது. கொஞ்சம் கஞ்சத்தனமான மரம்!

விழுந்த இலை அலையோடு போய்விடாமல் நண்டுகள் வளைக்குள் இழுத்துப் போகின்றன. அவை கடித்துத் தின்று கழித்ததைப் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் மேலும் சிதைக்கின்றன. சேற்றில் சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அதற்குக் கீழே வாழும் பாக்டீரியாக்கள், கடல்நீரில் கரைந்திருக்கும் சல்பேட்டைப் பயன்படுத்தி மூச்சு விடுகின்றன. அதில் வெளியாகும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த நாத்தம். இலையில் இருந்த சத்து இப்படித்தான் மறுபடி வேருக்கு வந்து சேர்கிறது. கொஞ்சம் அலையோடு போய் இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் உணவாகிறது.

பிச்சாவரத்துக்கும் அந்தமானுக்கும் என்ன வித்தியாசம்?

காற்றில் 78% நைட்ரஜன் இருப்பதால், அதைப் பிடித்துத் தரும் பாக்டீரியாக்கள் இருந்தால் போதும். பாஸ்பரஸுக்கு அந்த வசதி கிடையாது. அது பாறையிலிருந்து கரைந்து, மண்ணோடு வர வேண்டும். பிச்சாவரத்துக்கு வெள்ளாறும் கொள்ளிடமும் வண்டல் கொண்டுவருகின்றன. அந்தமானில் அவ்வளவு பெரிய ஆறு எதுவும் இல்லை. அதனால் கையில் இருப்பதையே திரும்பத் திரும்பச் சுழற்றியாக வேண்டும். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி, அந்தமான் நிக்கோபாரில் 616 சதுர கி.மீ. அலையாத்திக் காடு இருக்கிறது. மேற்கு வங்கம், குஜராத்துக்கு அடுத்து மூன்றாவது இடம். பெரிய ஆறு இல்லாத தீவுகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

சுழற்சி எப்போது அறுந்தது?

2004 டிசம்பர் 26. பூகம்பத்தில் போர்ட் பிளேர் பகுதி சுமார் ஒரு மீட்டர் கீழே இறங்கியது. வடக்கு அந்தமான் உயர்ந்தது. ஒரே பூகம்பத்தில் இரண்டு விதமான சாவு: தெற்கே மரங்கள் எந்நேரமும் தண்ணீரில் நின்று மூச்சுமுட்டிச் செத்தன; வடக்கே அலை வந்து சேராமல் காய்ந்தன. அலை ஒரு நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குவதுதான் இந்தக் காட்டின் மூச்சு. அதன் மட்டம் மாறினாலே கணக்கு தப்பிவிடும்.

ஆனால் சிப்பிகாட் பகுதியில் உப்புநீர் புகுந்த நெல் வயல்களில் அலையாத்திச் செடிகள் தாமாகவே முளைத்தன. வயலை இழந்த விவசாயிக்கு அது ஆறுதல் அல்ல, நியாயம்தான். ஆனாலும் அலை வந்து போகும் வழி இருந்தால் காடு தானே வரும் என்பதற்கு அதுவே சாட்சி.

கழிவுநீரும் உரம்தானே?

உரம்தான், ஓர் அளவு வரைக்கும். வீட்டுக் கழிவுநீரில் வரும் நைட்ரஜனில் ஒரு பகுதியைச் சேற்று பாக்டீரியாக்கள் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன. அளவு மீறினால் தண்ணீரில் பாசி பெருகும். அது அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் சாகும். வெளியே பவளப்பாறைகள் வேறு இருக்கின்றன. சத்து குறைந்த தெளிந்த நீரில் வாழப் பழகியவை அவை. பாசி மூடினால் தாங்காது.

அதேபோல, சாலை போடுகிறோம் என்று ஓடைவாயை அடைத்து, சின்னக் குழாய் ஒன்றை மட்டும் பதித்தாலும் அலை உள்ளே வராது. அதற்குப் பிறகு உள்ளே ஆயிரம் கன்று நட்டாலும் பிழைப்பது கஷ்டம். வழியைத் திறந்துவிட்டால், பக்கத்து மரத்திலிருந்து விழும் காய்களை அலையே கொண்டுவந்து சேர்க்கும்.